தீயைத் தடுக்கும் இழை

(கற்போர் மையத்தில் படித்துக் கலந்து பேசுவதற்கான உரை)



இன்றைய பேச்சு துணியைப் பற்றியது. துணிக்கும் தீக்கும் உள்ள உறவைப் பற்றியது.

ஒரு காலத்தில் நம் நாட்டு மக்கள் உடுத்தியது பருத்தி, கம்பளி, பட்டு. இவை செடியும் ஆடும் பூச்சியும் தந்தவை. பிறகு நைலான் வந்தது. டெரிலின் வந்தது. டெரிகாட்டன் வந்தது. இன்று சூரத் நகரத்தில் நெய்யும் பாலியெஸ்டர் சேலை நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போகிறது. விலை குறைவு. துவைத்தால் உடனே காய்ந்துவிடும். கசங்காது. சீக்கிரம் கிழியாது. உழைக்கும் மக்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் இந்தத் துணியில் தீப்பட்டால் என்ன ஆகும்? அதைத் தடுக்க அறிவியல் என்ன வழி கண்டிருக்கிறது? அந்த வழி ஏழை வீட்டு அடுப்படிக்கு வந்துவிட்டதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

டப்வாலியில் நடந்தது

ஹரியானா மாநிலத்தில் சிர்சா மாவட்டம் இருக்கிறது. அங்கே மண்டி டப்வாலி என்று ஓர் ஊர். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அங்கே ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்தது. கல்யாண மண்டபம் ஒன்றில் பந்தல் போட்டிருந்தார்கள். குழந்தைகளின் ஆட்டம் பாட்டம் பார்க்கப் பெற்றோர் கூடியிருந்தார்கள்.

மின்கசிவால் பந்தலில் தீப்பிடித்தது. பந்தலின் துணி செயற்கை இழைத் துணி. அது எரிந்ததோடு நிற்கவில்லை. உருகியது. எரிகிற துணி உருகிக் கூட்டத்தின் தலைமேல் விழுந்தது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் குழந்தைகளும் பெண்களும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பந்தல் போடுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதி எழுதி வைத்திருக்கிறது. அதன் எண் ஐ.எஸ். 8758. அது 1993இலேயே வெளியானது. பந்தலுக்குச் செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது என்பது அந்த விதியில் உண்டு. அதாவது, டப்வாலி தீக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விதி இருந்தது. அது புத்தகத்தில் இருந்தது. பந்தலில் இல்லை.

ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு விதமாக எரியும்

துணிக்குத் துணி எரியும் விதம் வேறு.

பருத்தி உருகாது. தீப்பட்டதும் பற்றிக்கொள்ளும். காகிதம் எரியும் வாசனை வரும். மெல்லிய சாம்பல் மிஞ்சும்.

கம்பளியும் பட்டும் தயங்கித் தயங்கி எரியும். முடி பொசுங்கும் நாற்றம் வரும். தீயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

நைலானும் பாலியெஸ்டரும் முதலில் சுருங்கும். பிறகு உருகும். நைலான் ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் உருகும். பாலியெஸ்டர் ஏறக்குறைய 260 டிகிரியில் உருகும். சமையல் எரிவாயு அடுப்பின் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். உருகிய துளி உடம்பில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் வெல்லப்பாகு கையில் பட்டது போல. தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு அப்படி ஓடாது. ஒட்டிக்கொண்டு உள்ளே சுடும். அதனால்தான் செயற்கைத் துணியால் வரும் தீக்காயம் ஆழமாகப் போகிறது.

அக்ரிலிக் என்று இன்னொரு இழை உண்டு. குளிர்காலத்தில் விற்கும் மலிவான சுவெட்டர், சால்வை, போர்வை பலவும் இந்த இழைதான். தொட்டால் கம்பளி போலவே இருக்கும். ஆனால் எரியும்போது கம்பளி போல இருக்காது. வேகமாக எரியும். நச்சுப் புகையும் வரும்.

சரி, டெரிகாட்டன்? அது பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்தது. கலந்தால் பாதி ஆபத்துதானே என்று தோன்றும். அப்படி இல்லை. குத்துவிளக்கை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் மட்டும் இருந்தால் சுடர் நிற்காது. திரி மட்டும் இருந்தால் உடனே கருகிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு நின்று எரியும். டெரிகாட்டனில் உருகிய பாலியெஸ்டர் எண்ணெய் ஆகிறது. பருத்தி நூல் திரி ஆகிறது. உருகியது கீழே விழாமல் பருத்தியில் ஊறி நின்று எரிகிறது.

தீ என்றால் என்ன?

தடுக்கும் வழி தெரிய வேண்டுமானால், தீ எப்படி வாழ்கிறது என்று தெரிய வேண்டும்.

அடுப்பில் விறகு எரிவதைக் கூர்ந்து பாருங்கள். மெழுகுவத்தியின் சுடரையும் பாருங்கள். சுடர் மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? இல்லை. மெழுகுக்கும் சுடருக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்கும். ஏன்?

எரிவது மெழுகு அல்ல. மெழுகிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. துணியும் இப்படித்தான். இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் துணி சூடாகிறது. சூடு ஏறியதும் இழை சிதைகிறது. பாலியெஸ்டர் ஏறக்குறைய 400 டிகிரியில் சிதையத் தொடங்கும். சிதைந்த இழையிலிருந்து எரியும் வாயு வெளிவருகிறது. அந்த வாயு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. எரியும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூடு திரும்பவும் துணியைத் தாக்குகிறது. மேலும் வாயு வருகிறது. மேலும் எரிகிறது.

இது செக்குமாடு சுற்றுவது போன்ற சுற்று. சூடு, வாயு, ஆக்சிஜன் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தச் சுற்றை எங்கேயாவது ஓர் இடத்தில் அறுத்துவிட்டால் போதும். தீ செத்துவிடும்.

துணியின் குணத்தை அளக்க ஒரு சோதனையும் உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் துணித் துண்டை நிறுத்துவார்கள். குழாய்க்குள் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கலந்து விடுவார்கள். 100 பங்கு வாயுவில் குறைந்தது எத்தனை பங்கு ஆக்சிஜன் இருந்தால் துணி தொடர்ந்து எரிகிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்தான் ஆக்சிஜன் எல்லை எண்.

பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் இந்த எண் ஏறக்குறைய 18. நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் 20, 21. கம்பளிக்கு 25. நாம் சுவாசிக்கும் காற்றில் 100க்கு 21 பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. இப்போது கணக்கு எளிது. எண் 21க்குக் கீழே இருந்தால் சாதாரணக் காற்றிலேயே துணி தாராளமாக எரியும். 26, 28 என்று ஏறினால், தீயை எடுத்ததும் துணி தானாக அணையும். துணியின் எண்ணை 28க்கு ஏற்றுவது எப்படி? இழை அறிஞர்கள் தேடியது இதைத்தான்.

பருத்திக்கு ஒரு குளியல்

பழைய வழி ஒன்று உண்டு. துணியை உப்புக் கரைசலில் நனைத்துக் காய வைப்பது. ஐரோப்பாவில் நாடகக் கொட்டகைகள் அடிக்கடி தீப்பிடித்தன. மேடைத் திரைக்குப் பக்கத்திலேயே விளக்கு எரிந்ததுதான் காரணம். 1735இல் இங்கிலாந்தில் ஒபடையா வைல்ட் என்பவர் படிகாரமும் வெங்காரமும் சேர்ந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். 1821இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கே-லூசாக் அமோனியம் உப்புகளையும் வெங்காரத்தையும் துணியில் ஏற்றிச் சோதித்துக் காட்டினார்.

இன்றும் நம் நாட்டுத் தீயணைப்புத் துறையினர் பருத்திப் பந்தல் துணிக்குச் சொல்வது இந்த வகைக் கரைசலைத்தான். அதன் அளவு இது:

அமோனியம் சல்பேட் 4 கிலோ
அமோனியம் கார்பனேட் 2 கிலோ
வெங்காரம் 1 கிலோ
போரிக் அமிலம் 1 கிலோ
படிகாரம் 2 கிலோ
தண்ணீர் 35 லிட்டர்

அமோனியம் சல்பேட் உரக்கடையில் கிடைப்பதுதான். இந்த உப்புகள் என்ன செய்கின்றன? சூடு பட்டதும் சில உப்புகள் எரியாத வாயுவை வெளிவிடுகின்றன. அது சுடரைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை விலக்குகிறது. வெங்காரம் உருகிக் கண்ணாடிப் பூச்சு போல இழையை மூடுகிறது. துணி சுடர்விட்டு எரியாமல் கரியாக நின்றுவிடுகிறது.

குறை ஒன்று உண்டு. உப்பு தண்ணீரில் கரையும். ஒரு பெருமழை பெய்தால் போய்விடும். துவைத்தாலும் போய்விடும். திரும்பவும் நனைக்க வேண்டும்.

இந்தக் குளியலைப் பாலியெஸ்டருக்குக் கொடுத்தால் என்ன?

பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிக்காது. 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே 8 கிராம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 100 கிராம் பாலியெஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. பாலியெஸ்டர் சேலை சட்டென்று காய்வதும், வெயில் காலத்தில் அதை உடுத்தினால் புழுங்குவதும் இதனால்தான். தண்ணீர் உள்ளே போகாத இழைக்குள் தண்ணீரில் கரைந்த உப்பு எப்படிப் போகும்? மேலே ஒட்டிக்கொண்டு உதிர்ந்துவிடும்.

ஆகவே செயற்கை இழைக்கு வேறு வழி தேவைப்பட்டது. இழை பிறக்கும்போதே அதன் உடம்பில் மாற்றம் செய்ய வேண்டியிருந்தது.

இழை ஒரு பூச்சரம்

பாலியெஸ்டர் எப்படிப் பிறக்கிறது? பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் இரண்டு பொருள்களே அதற்கு மூலம். ஒன்று டெரிப்தாலிக் அமிலம். மற்றொன்று எத்திலீன் கிளைக்கால். இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு கை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான பெரிய கலத்தில் இவை கைகோத்துக்கொள்கின்றன. ஒன்று விட்டு ஒன்றாக, நூற்றுக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலி ஆகின்றன. இந்த நீண்ட சங்கிலிக்குத்தான் பாலிமர் என்று பெயர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பாலிமரை உருக்கி, மிக நுண்ணிய துளைகள் உள்ள தட்டு வழியாக அழுத்துவார்கள். இடியாப்ப உரலில் மாவு பிழிவது போல. துளை வழியே வரும் இழை காற்றில் குளிர்ந்து இறுகும். அதை இழுத்து நீட்டி நூலாக்குவார்கள்.

இந்த இழையைத் தீயிலிருந்து காக்க மூன்று வழிகள் உண்டு. மல்லிகைச் சரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சரத்துக்கு வாசனை கூட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

முதல் வழி, கட்டி முடித்த சரத்தின் மேல் பன்னீர் தெளிக்கலாம். சிறிது நேரம் மணக்கும். பிறகு போய்விடும். நெய்து முடித்த துணியின் மேல் மருந்து பூசுவது இந்த வழி.

இரண்டாம் வழி, பூவோடு பூவாக மரிக்கொழுந்தைக் கலந்து கூடையில் வைக்கலாம். மணம் இருக்கும். ஆனால் கூடையைக் குலுக்கினால் மரிக்கொழுந்து தனியே விழும். பாலிமரை உருக்கும்போது மருந்துத் தூளை அதில் கலப்பது இந்த வழி. தூள் இழைக்குள் இருக்கும். ஆனால் சங்கிலியோடு கோக்கப்பட்டிருக்காது. நாளாவட்டத்தில் சில மருந்துகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும்.

மூன்றாம் வழி, பூக்கட்டும்போதே இடையிடையே மரிக்கொழுந்தை வைத்து நாரோடு நாராகக் கட்டிவிடலாம். இனி அது உதிராது. சரம் இருக்கும் வரை மரிக்கொழுந்தும் இருக்கும்.

இந்த மூன்றாம் வழிக்குத்தான் வேதியியல் மாற்றம் என்று பெயர்.

பாலியெஸ்டர் சரத்தில் மரிக்கொழுந்து எது? பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு சேர்மம். தீக்குச்சி உரசும் பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பதும் பாஸ்பரஸ்தான். தீயை மூட்டும் பொருளே தீயை அடக்குமா என்று வியப்பாக இருக்கும். பெட்டியில் இருப்பது தனிப் பாஸ்பரஸ். இழையில் இருப்பது மற்றப் பொருள்களோடு பிணைந்த பாஸ்பரஸ். அதன் குணம் வேறு. சோடியம் தனியாக இருந்தால் தண்ணீரில் வெடிக்கும். குளோரினோடு பிணைந்தால் சோற்று உப்பு ஆகும் அல்லவா? அது போலத்தான்.

இந்தப் பாஸ்பரஸ் சேர்மத்துக்கும் இரண்டு கை உண்டு. கலத்தில் சங்கிலி கோத்துக்கொண்டிருக்கும்போதே இதையும் சிறிதளவு சேர்ப்பார்கள். அதுவும் கைகோத்துச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடும். ஒரு கிலோ இழையில் 6 கிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் இருந்தாலே பலன் தெரிகிறது. இழையின் பலமும் சாயம் ஏறும் குணமும் பெரிதாகக் கெடுவதில்லை.

தீப்பட்டால் இந்த இழை என்ன செய்கிறது? முதலில் தீயை விட்டுச் சுருங்கி விலகுகிறது. சீக்கிரம் உருகிச் சொட்டுகிறது. சொட்டு தன்னோடு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பாஸ்பரஸ் இருப்பதால் கொஞ்சம் கரியும் படிகிறது. எரியும் வாயு குறைகிறது. சுற்று அறுந்துவிடுகிறது. தீயை எடுத்ததும் துணி அணைந்துவிடுகிறது. அதன் ஆக்சிஜன் எல்லை எண் ஏறக்குறைய 28.

ஜெர்மனியில் உருவான திரெவீரா சி.எஸ். என்ற இழை இந்த வகை. நம் நாட்டில் ரிலையன்ஸ் நிறுவனத்தின் ரெக்ரான் எஃப்.எஸ். என்பதும் தீத்தடுப்புப் பாலியெஸ்டர்தான். நட்சத்திர ஓட்டல், மருத்துவமனை, திரையரங்கம் போன்ற இடங்களின் திரைச்சீலைக்கும் இருக்கை உறைக்கும் இப்படிப்பட்ட துணிகள் பயன்படுகின்றன. எத்தனை முறை துவைத்தாலும் இதன் தீத்தடுப்புக் குணம் போகாது. அது பூச்சு அல்ல. இழையின் பிறவிக்குணம்.

மற்ற இழைகளின் கதை

அக்ரிலிக் இழைக்கும் இப்படி ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் மோட் அக்ரிலிக். அக்ரிலிக் சங்கிலியில் குளோரின் சேர்ந்த கண்ணிகளைக் கோத்து இதைச் செய்கிறார்கள். தீப்பட்டால் குளோரின் வாயு நிலையில் கிளம்பிச் சுடரை மூச்சடைக்கச் செய்கிறது. பொய்முடி, சவுரி ஆகியவற்றுக்கு இந்த இழை பயன்படுகிறது. ஜப்பானில் 1957இல் வந்த கனேகலான் இந்த வகைதான். பெண்கள் தலையில் வைக்கும் முடி சட்டென்று பற்றிக்கொள்ளக் கூடாது அல்லவா? இதில் ஒரு குறையும் உண்டு. இது கருகும்போது வரும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

நைலானுக்கும் ஓர் அண்ணன் உண்டு. அதன் பெயர் அராமிட். நைலான் சங்கிலி வளைந்து கொடுக்கும் மென்மையான கண்ணிகளால் ஆனது. அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கெட்டியான வளையங்களைக் கோத்தார்கள். சணல் கயிறு இரும்புச் சங்கிலி ஆனது போல ஆயிற்று. இந்த இழை உருகாது. சொட்டாது. கடும் தீயில் கருகிக் கெட்டிப்படும். 1967இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் நோமெக்ஸ் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தீயணைப்பு வீரர்களின் உடையும் பந்தயக் கார் ஓட்டுபவர்களின் உடையும் இதில் தைக்கிறார்கள். ஆனால் விலை மிக அதிகம். சேலை நெய்ய உதவாது.

மருந்தே நஞ்சான கதை

தீயைத் தடுத்தால் போதுமா? தடுக்கும் மருந்து உடம்புக்கு ஆகுமா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பாடம்.

1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சட்டம் வந்தது. குழந்தைகளின் இரவு உடை தீச்சோதனையில் தேற வேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான். உற்பத்தியாளர்கள் பாலியெஸ்டர் இரவு உடையில் டிரிஸ் என்ற மருந்தை ஏற்றினார்கள். அது புரோமின் சேர்ந்தது. இழைச் சங்கிலியில் அது கோக்கப்படவில்லை. சும்மா ஏறி நின்றது.

1977 ஜனவரியில் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரிஸ் உயிரணுக்களின் மரபுப் பொருளைக் கெடுக்கிறது, புற்றுநோய் வரலாம் என்று எச்சரித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க அரசு அமைப்பு அந்த உடைகளுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு இன்னோர் ஆய்வு வந்தது. அந்த உடையை அணிந்த குழந்தைகளின் சிறுநீரிலேயே அந்த மருந்து சிதைந்த பொருள் இருந்தது. துணியில் இருந்த மருந்து தோல் வழியாக உடம்புக்குள் போயிருக்கிறது.

அதன் பிறகும் புரோமின் சேர்ந்த பல மருந்துகள் புழக்கத்தில் இருந்தன. அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கின. மீனிலும் தாய்ப்பாலிலும் சேர்ந்தன. உலக நாடுகள் சேர்ந்து ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் இவற்றில் பலவற்றை விலக்கின. இந்திய அரசும் 2018இல் விதி கொண்டுவந்தது. துணிகளிலும் பிளாஸ்டிக்கிலும் பயன்பட்ட சில புரோமின் மருந்துகளைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை விதித்தது.

இந்தக் கதையிலிருந்து தெரிவது என்ன? சங்கிலியில் கட்டப்படாத மருந்து ஒருநாள் வெளியே வரும். வெளியே வந்தது எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். சங்கிலியில் கோத்துவிட்ட கண்ணி அவ்வளவு எளிதில் வெளியே வராது. மூன்றாம் வழியின் பெருமை துவைத்தால் போகாது என்பது மட்டும் அல்ல. உடம்பில் சேராது என்பதும்தான்.

தீத்தடுப்புத் துணி எரியவே எரியாதா?

எரியும். இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். தீத்தடுப்பு என்றால் எரியாது என்று பொருள் அல்ல. எளிதில் பற்றாது, பற்றினாலும் பரவாது என்றுதான் பொருள். சிறு தீக்குச்சி, சிகரெட்டு நெருப்பு, மின்பொறி ஆகியவற்றை அது தாங்கும். நாலு பக்கமும் கொழுந்துவிட்டு எரியும் தீயில் அதுவும் எரியும்.

பாஸ்பரஸ் சேர்த்த பாலியெஸ்டரும் உருகும். உடம்பில் பட்டால் சுடும். அதனால் அது திரைச்சீலைக்கு ஏற்றது. அடுப்படி உடைக்கு ஏற்றது அல்ல. அந்தத் திரைக்குப் பின்னால் பருத்தித் துணியை உள்துணியாக வைத்துத் தைத்தாலும் பலன் குறையும். விளக்குத் திரியின் கதை நினைவிருக்கிறதா? பருத்தி திரியாகிவிடும். உருகியது சொட்டி விலக வழி இருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சாதாரணப் பாலியெஸ்டர் சேலை தீத்தடுப்பு இழையால் நெய்தது அல்ல. தீத்தடுப்பு இழைக்கு விலை கூடுதல். ஓட்டல் திரைச்சீலைக்குக் கிடைத்த பாதுகாப்பு, அடுப்பின் முன்னால் நிற்கும் பெண்ணின் முந்தானைக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமாகவோ கடுமையாகவோ தீக்காயம் படுகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இழை அறிவியல் வெகுதூரம் வந்துவிட்டது. அது எல்லார் வீட்டுக்கும் வந்து சேரும் வரை, அறிவும் கவனமும்தான் நமக்குக் கவசம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சமைக்கும்போது பருத்திச் சேலை உடுத்துங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் சேலையோடும், தொங்கும் துப்பட்டாவோடும் அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டாம். பருத்தியும் எரியும். ஆனால் உருகி ஒட்டாது. கழற்றி எறியலாம்.

அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் துணி காயப்போட வேண்டாம். சாமி விளக்குக்குப் பக்கத்தில் நைலான் திரை வேண்டாம்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். அப்படியே தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கெட்டியான கம்பளி அல்லது பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம். நைலான், அக்ரிலிக் போர்வையால் மூடக் கூடாது.

தீ அணைந்ததும் காயத்தின் மேல் சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மை, மாவு, நெய், பற்பசை எதையும் தடவ வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தீயணைப்புக்கு 101, எல்லா அவசர உதவிக்கும் 112.

ஊரில் செய்ய வேண்டியவை

திருவிழா, திருமணம், பள்ளி விழா என்று பந்தல் போடாத ஊர் இல்லை. பந்தல்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

துணி பருத்தியா, செயற்கை இழையா? பருத்தி என்றால் தீத்தடுப்புக் கரைசலில் நனைத்ததா? எப்போது நனைத்தது? மின்கம்பி பந்தல் துணியைத் தொடாமல் போகிறதா? வெளியே போக எத்தனை வழி? அவற்றில் எதையாவது நாற்காலி போட்டோ பூட்டுப் போட்டோ அடைத்திருக்கிறார்களா?

துணி எந்த வகை என்று தெரியவில்லையா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். வெளியே திறந்த இடத்துக்கு வந்து, இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தீக்குச்சியால் கொளுத்துங்கள். பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும். காகித வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. சுருண்டு உருகிக் கறுப்பாகக் கெட்டிமணி ஆனால் செயற்கை இழை. மணியும் சாம்பலும் சேர்ந்து வந்தால் கலப்பு.

பள்ளி, மருத்துவமனை, சமுதாயக் கூடம் ஆகியவற்றுக்குத் திரைச்சீலை வாங்கும்போது தீத்தடுப்புத் துணியாகக் கேளுங்கள். திரைச்சீலைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15741. கடைக்காரர் "இது தீப்பிடிக்காத துணிங்க" என்று வாயால் சொன்னால் போதாது. சோதனைச் சீட்டைக் கேளுங்கள். அதில் உள்ள எண்ணையும் தேதியையும் படியுங்கள். பூச்சுத் துணியா, பிறவிக்குணம் உள்ள இழையா என்றும் கேளுங்கள். பூச்சு என்றால் எத்தனை துவைப்பு தாங்கும் என்று கேளுங்கள்.

எழுத்துக் கற்றதன் பலன் இங்கே இருக்கிறது. டப்வாலியில் பந்தல் கட்டிய அன்று விதி அச்சில் இருந்தது. அதைப் படித்து, "இந்தத் துணி வேண்டாம், அவிழ்த்துவிடுங்கள்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எத்தனையோ குழந்தைகள் வீடு திரும்பியிருப்பார்கள். அடுத்த பந்தலில் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் என்னென்ன செயற்கைத் துணிகள் இருக்கின்றன?

2. உப்புக் கரைசல் பருத்தியில் நிற்கிறது. பாலியெஸ்டரில் ஏன் நிற்பதில்லை?

3. பூச்சரக் கதையில் வரும் மூன்று வழிகளை உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.

4. உங்கள் ஊரில் அடுத்த விழாவுக்குப் பந்தல் போடும்போது யார் போய் அந்த நான்கு கேள்விகளையும் கேட்பது? இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.